மூன்று பேருக்காக முந்நூறு பேர்

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா? உடம்பு இளைச்சிருக்கா? சளியில ரத்தம் வந்துச்சா?" காசநோயைத் தேடி வீடு வீடாகப் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் பல பத்தாண்டுகளாக இவைதாம். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு, இந்தக் கேள்விகளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டிவிட்டது. அதில் நோய் உறுதியானவர்களில் 42.6 விழுக்காட்டினர், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால் விடுபட்டுப் போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரையும் தேடிப் போகவில்லை. கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எக்ஸ்ரே எடுப்பதில் இப்போது பெரிய சிரமம் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டது. எடுத்த படத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. கதிரியக்க மருத்துவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஒரே நாளில் இருநூறு படங்கள் சேர்ந்தால் பார்ப்பது யார்? செயற்கை நுண்ணறிவு இந்த இடத்தில்தான் நுழைந்தது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாகக் கணினி நிரலே படித்துக் காசநோய் இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 டிசம்பர் 7 அன்று 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரேயும் இந்த நிரல்களும் சேர்ந்தே ஊர்களுக்குள் போயின.

இவற்றைப் பற்றிய பேச்செல்லாம் துல்லியத்தில் தொடங்கித் துல்லியத்திலேயே முடிந்துவிடுகிறது. பழவேற்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் கேள்வி வேறாகிறது. படம் எடுக்கும் நேரத்தில் கருவிக்கு முன்னால் வந்து நிற்கப்போவது யார்? 'சந்தேகம்' என்று அது சொன்ன பிறகு, அந்தச் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. நீர்ப்பரப்பில் பெரும்பங்கு ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. கரையில் பட்டினவர் குப்பங்கள். செம்படவர்களும், படகு இல்லாமல் ஆழமற்ற நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் இந்த ஏரியை நம்பி இருக்கிறார்கள். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டினால் பொன்னேரி அரசு மருத்துவமனை. அதையும் தாண்டினால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 வயது கடந்த ஆயிரம் பேர் இருக்கும் ஒரு குப்பம். மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி, இந்த வயதினரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. நாட்டுச் சராசரியை அப்படியே பொருத்தினால் ஆயிரத்துக்கு மூன்று பேர். சலிக்கும் சோதனை குறைந்தது எப்படி இருக்க வேண்டும் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவுகோல் வைத்தது: நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களில் 70 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட வேண்டும். காகிதத்தில் நல்ல மதிப்பெண்தான். குப்பத்தில் அது என்ன ஆகிறது? அந்த மூன்று பேரும் அநேகமாக அகப்படுவார்கள். நோய் இல்லாத 997 பேரில் 30 விழுக்காடு, அதாவது 299 பேரும் கூடவே 'சந்தேகம்' பட்டியலில் ஏறுவார்கள். மூன்று பேரைக் கண்டுபிடிக்க முந்நூறு பேர் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இதை நிரலின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எந்தச் சோதனைக்கும் நேர்வதுதான் இது. நிரல் உண்மையில் 'ஆம்', 'இல்லை' என்று சொல்வதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சந்தேகம் என்று கொள்வது என்பதைத் திட்டத்தை நடத்துகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த வரம்பை உயர்த்தினால் முந்நூறு பேர் நூறாகலாம். அந்த மூவரில் ஒருவர் கைநழுவிப் போகலாம். தாழ்த்தினால் நேர்மாறு. ஆக, மருத்துவச் செயற்கை நுண்ணறிவில் ஊரைப் பாதிக்கும் மிக முக்கியமான முடிவு நிரலுக்குள் எடுக்கப்படுவதே இல்லை. சளியைச் சோதிக்கும் மூலக்கூறு கருவி எத்தனை இருக்கிறது, ஒரு நாள் தொழிலை விட்டு வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, ஒரு அலுவலக மேசையில் எடுக்கப்படும் முடிவு அது. அந்த மேசையில் குப்பத்து ஆள் ஒருவரும் உட்காருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆழ்கற்றல் நிரலுக்குக் காசநோய் என்றால் என்னவென்று தெரியாது. நோய் உண்டு, இல்லை என்று குறியிட்ட ஏராளமான படங்களைக் காட்டிக் காட்டி, எந்த நிழல் எந்தக் குறியோடு சேர்ந்து வருகிறது என்று அதைப் பழக்குகிறார்கள். அதனால் எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பும் அதன் கண்ணுக்கு நோய் போலத் தெரியக்கூடும். டாக்காவில் 23,954 பேரின் படங்களைக் கொண்டு ஐந்து நிரல்களை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஐந்துமே அங்கிருந்த கதிரியக்க மருத்துவர்களைவிட நன்றாகச் செய்தன. அதே ஐந்தும் முதியவர்களிடமும், முன்பு காசநோய் வந்து போனவர்களிடமும் தடுமாறின. கரையில் தங்கி முகாமுக்கு வரக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், முதியவர்களே முன்வரிசையில் இருப்பார்கள்.

    

 முகாம் என்றால் காலை பத்து மணி, பள்ளிக்கூடத் திண்ணை, மேசை நாற்காலி. அந்த நேரத்தில் கடலுக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார்; திரும்பியிருந்தாலும் வலையைப் பிரித்து, மீனை ஏலத்தில் விட்டு, தூங்கப் போயிருப்பார். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இருப்பார்கள். 'ஆண்களின் பங்கேற்பு குறைவு' என்று அறிக்கையில் ஒரு வரி வரும். ஊரின் நேரத்தை யாரும் கேட்கவில்லை என்பதே அந்த வரிக்குப் பொருள்.

ஊருக்கு ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய தலைக் கிராமங்கள் இறால் பிடிக்கும் சுத்துவலைக்கான இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே இன்றைக்குப் பாடு இல்லாதவர் யார் என்பதும் தெரியும். முறைக்காரர்கள் பலர் மற்ற நாட்களில் கடலுக்குப் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் எக்ஸ்ரே வண்டியின் அட்டவணையை ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து இந்த முறையை ஒட்டிப் போட்டால், படத்தில் விழும் முகங்கள் மாறும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. தொழில் கெடுகிறதே என்று குப்பம் சலித்துக்கொள்ளும் அந்த நாட்களில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். மருத்துவத் துறைக்கு அந்தத் தேதி முன்பே தெரிந்திருந்தால் போதும். நிரலின் துல்லியத்தை ஒரு விழுக்காடு கூட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இதற்குச் செலவே இல்லை.

துல்லியம் முதிர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண் மருத்துவமே சரியான இடம். அதில் தமிழ்நாடு உலகின் முன்னோடிகளில் ஒன்று. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தில் கண்டறியும் நிரலை 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கியதாக அறிவித்தார்கள். அடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அதை நேரடியாகச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பு உள்ளவர்களில் அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காட்டினரை நிரல் பிடித்தது. மனிதர்கள் படித்ததற்கு இது குறைவில்லை. பிறகு அது அன்றாடப் பயன்பாட்டுக்கே வந்தது. தமிழ்நாட்டில் 45 இடங்களில் சுமார் 6 லட்சம் பேரைச் சலித்த பிறகு, அவர்களில் ஒரு பகுதியினரின் படங்களை நிபுணர்களிடம் மறுபடி கொடுத்துச் சரிபார்த்த ஆய்வு 2025-இல் வந்தது. பார்வையைப் பறிக்கக்கூடிய கடுமையான பாதிப்பை நிரல் ஏறத்தாழ 97 விழுக்காடு சரியாகக் கண்டது. சோதனைக்கூடத்தில் மின்னிவிட்டு வெளியே வந்ததும் மங்கிப்போகும் நிரல்கள் நிறைய உண்டு. இது மங்கவில்லை.

தாய்லாந்தில் அதே நிரலுக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதும் தானி, சியங் மாய் மாகாணங்களின் 11 சிகிச்சையகங்களில் செவிலியர்கள் அதைப் பயன்படுத்தியபோது கூகுள் ஆய்வாளர்களே கூடவே இருந்து கவனித்து, 2020-இல் நேர்மையாக எழுதினார்கள். எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டை நிரல் 'படிக்க முடியவில்லை' என்று தள்ளிவிட்டது. இருட்டறை இல்லாத இடத்தில் படம் மங்கலாக வந்தது ஒரு காரணம். இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நின்றுபோனது. படம் தேறாவிட்டால் தொலைவில் இருக்கும் நிபுணரிடம் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பயணம் நோயாளிக்கு எவ்வளவு பாரம் என்று தெரிந்த சில செவிலியர்கள், 'இதில் சேராதீர்கள்' என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். துல்லியம் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல அது. பேருந்துக் கட்டணத்தால் வந்தது.

வெயிலில் உழைத்து வயதானவரின் கண்ணில் புரை விழுந்திருந்தால் விழித்திரைப் படம் தெளிவாக விழாது. அப்போது நிரல் பிழை செய்வதில்லை, விலகிக்கொள்கிறது. யாருக்குக் கண் மருத்துவர் கட்டாயம் தேவையோ அவரைத்தான் அது 'படிக்க முடியவில்லை' என்று திருப்பி அனுப்புகிறது. அந்த இரண்டு சொற்களும் ஒரு நோயறிதல் என்று குப்பத்தில் பணியாற்றும் தன்னார்வலருக்குச் சொல்லித் தர வேண்டும். தமிழ்நாடு மின்னாளுமை முகமை உருவாக்கிய 'இ-பார்வை' செயலி, கைபேசியில் கண்ணைப் படம் எடுத்துப் புரையைக் கண்டறிவது. விழித்திரை நிரலையும் இந்தச் செயலியையும் ஒரே முகாமில் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று தள்ளிவிட்டவரை மற்றது ஏந்திக்கொள்ளலாம். வெவ்வேறு நாளில், வெவ்வேறு அலுவலகத்தின் பெயரில் வந்தால் இரண்டுக்கும் நடுவே அவர் விழுந்துவிடுவார்.

சங்கர நேத்ராலயா 2003-இல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு கண் பரிசோதனைப் பேருந்து ஒன்றை ஊர்களுக்குள் அனுப்பத் தொடங்கியது. கண்ணைப் பார்ப்பவர் பேருந்தில், மருத்துவர் நுங்கம்பாக்கத்தில். கண்ணாடி தேவைப்பட்டவருக்கு அந்த இடத்திலேயே தயாரித்துக் கொடுத்தார்கள். சோதனையோடு தீர்வையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். இருபது ஆண்டு கழித்து வந்திருக்கும் நிரல்கள் சோதனையை மட்டும் வாசலுக்குக் கொண்டுவருகின்றன.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஆய்வொன்றில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதன் பின்னணியில் இந்த எண்கள் இருக்கின்றன. மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதன் எளிய யோசனை. சர்க்கரை கட்டுக்குள் வராத விழித்திரையை ஆண்டுக்கொருமுறை துல்லியமாகப் படம் பிடித்து வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

மாத்திரை வீட்டுக்கே வந்தாலும் பழவேற்காட்டில் இன்னொரு சிக்கல் உண்டு: ஏரிக்கு நடுவே மாநில எல்லை ஓடுகிறது. இருக்கம் தீவு ஆந்திரத்தின் தடா மண்டலத்தைச் சேர்ந்தது. தேசியக் காசநோய்ப் பதிவேடான 'நிக்‌ஷய்' இரு கரைக்கும் பொது. தமிழ்நாட்டுத் திட்டங்களின் செயலிகள் எல்லையோடு நின்றுவிடும். மீனுக்கும் கிருமிக்கும் இந்தக் கோடு தெரியாது.

'சந்தேகம்' உறுதியாகிக் காசநோய் என்றே முடிவான பிறகு என்ன நடக்கிறது? இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த காரியம், படம் படிக்கும் நிரல்கள் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022 ஏப்ரலில் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. அதன் பின்னால் இருப்பது சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். நோய் உறுதியான அன்றே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை, இரு கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எடை பார்க்கும் எந்திரம், விரலில் மாட்டும் கருவி, கடிகாரம் இருந்தால் செவிலியர் ஒருவரே செய்துவிடலாம்.

இதைச் செயற்கை நுண்ணறிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மருத்துவச் செயற்கை நுண்ணறிவின் முதல் தலைமுறை இப்படித்தான் இருந்தது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், நோய்த்தொற்றுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி என்று சொல்ல ஏறத்தாழ 600 விதிகளைக் கொண்டிருந்தது. சோதனையில் நிபுணர்களுக்கு இணையாக நின்றது. எந்த மருத்துவமனை வார்டிலும் புழக்கத்துக்கு வரவில்லை. 600 விதிகள் வைத்திருந்தது காகிதத்தில் தங்கிவிட்டது, ஐந்து அளவுகள் ஒரு மாநிலத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு அளவுக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கூடவே எழுதப்பட்டிருந்ததே காரணம்.

ஐந்தில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தோலின் ஊடாக ஒளியைச் செலுத்திக் கணக்கிடுகிறது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை இந்தக் கருவி தவறவிடுவது வெள்ளையரிடம் தவறவிடுவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. உப்புக் காற்றிலும் வெயிலிலும் கறுத்த விரலில் 95 என்று வந்தால் அதை 95 என்றே நம்பலாமா? நல்லவேளையாக மூச்சை எண்ணுவதும் பட்டியலில் இருக்கிறது. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். படத்தை மட்டும் நம்பும் நிரலுக்கு இந்தக் காப்பு கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள், ஒரு கூட்டத்தில் பழக்கிய நிரலை இன்னொரு கூட்டத்தில் பயன்படுத்தும்போது பக்கச்சார்பைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

2025-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் கணிப்பும் சேர்ந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 காசநோயாளிகளின் தரவிலிருந்து ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்கி, 'டி.பி. சேவா' இணையச் செயலியில் இணைத்தார்கள். ஐந்து அளவுகளையும் உள்ளிட்டால், இந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று திரையில் வரும். நோய் முற்றியவர்களுக்கு 10 முதல் 50 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை. 'கடுமை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தவர்களை இந்த எண் பிரித்துக் காட்டுகிறது. பத்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் தெரிந்தால், ஒரே நாளில் வந்த இருவரில் யாருக்காக முதலில் தொலைபேசியை எடுப்பது என்று மருத்துவருக்குத் தெரியும்.

தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் குப்பத்துக்காரர் என்றால் உரையாடல் எப்படிப் போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. படுக்கை இலவசம், மருந்து இலவசம். ஊட்டத்துக்கென்று மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ஆனால் சேர்ந்தால் கூட இருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் மனைவியாக இருந்தால் மீன் விற்கப் போக முடியாது; தம்பியாக இருந்தால் படகில் ஓர் ஆள் குறையும். "பாடு முடிஞ்சதும் வர்றேன் டாக்டர்" என்று பதில் வரும். நாற்பது விழுக்காடு என்று திரை சொல்லும் ஒருவருக்கு அந்தச் சில நாள் மிக நீளம்.

மாதிரி பயன்படுத்தும் ஐந்து அளவுகளில், கூட வர ஆள் உண்டா என்பது இல்லை. அது உடலில் அளக்கக்கூடியதும் அல்ல. ஆனால் எடை பார்க்கும் அதே நேரத்தில் செவிலியர் அதைக் கேட்டு எழுதிவிடலாம். ஆள் இல்லாதவருக்குப் பொன்னேரியில் உதவியாளர் ஒருவரையும், கிளம்ப வண்டியையும் அன்றைக்கே ஏற்பாடு செய்யலாம். எழுதி வைக்க வைக்க, எந்தக் குப்பத்திலிருந்து யார் ஏன் வரவில்லை என்ற தரவும் சேரும். அடுத்த மாதிரியைக் கட்டப்போகிறவர்களுக்கு அது தரவு அட்டவணையில் ஒரு புதிய பத்தி.